கஷ்டமான மலை ஏத்தம், முதல் தடவை போறவங்களுக்கு: 8 வாரம் முன்னாடியில இருந்து வீடு திரும்புற வரைக்கும்

முதல் தடவை பெரிய மலை ஏற வர்றவங்க கூட நிறைய தடவை போயிருக்கேன். பாதியில உக்காந்துடுறவங்கள்ல உடம்புல தெம்பே இல்லாம உக்கார்றவங்க ரொம்ப கம்மி. பெரும்பாலும் முதல் அரை மணி நேரம் ஓடினவங்க, புது ஷூ போட்டுட்டு வந்தவங்க, சாப்பிட மறந்தவங்க, இவங்கதான் உக்கார்றாங்க. விடாமுயற்சின்னு நாம சொல்றதுல பாதிக்கு மேல மலைக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிவாகிடுது, மீதி இருக்கிறது மெதுவா போற பொறுமை மட்டும்தான்.

இது கயிறு கட்டி ஏறுற மலைக்கான வழிகாட்டி இல்ல. காலையில கிளம்பி சாயங்காலத்துக்குள்ள திரும்புற மாதிரி, 1000 மீட்டருக்கு மேல ஏத்தம் இருக்கிற, பாதை தெளிவா இருக்கிற மலைக்கு. படிகளோட வரிசையை மாத்தாதீங்க, ஒவ்வொன்னும் அடுத்ததுக்கு தேவைப்படும்.

1. கிலோமீட்டரை பாக்காதீங்க, மீட்டரை பாருங்க

புதுசா வர்ற எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர்?" தான். போக வர 16 கிலோமீட்டர்னு சொன்னா "அட அவ்வளவுதானா, நான் சாதாரணமாவே 10 நடப்பேனே"ன்னு சொல்வாங்க. நீங்க கேக்க வேண்டியது "மொத்தம் எத்தனை மீட்டர் ஏறணும்?"ங்கிறதைத்தான். சமதரையில 16 கிலோமீட்டர் நடக்கிறதுக்கும் அதே 16ல 1200 மீட்டர் உயரம் ஏறி இறங்குறதுக்கும் சம்பந்தமே இல்ல.

நேரம் கணக்கு போட ஒரு பழைய வழி இருக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892ல சொன்னது. இன்னைக்கு கிலோமீட்டர்ல சொல்றப்ப 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு 1 மணி நேரம். நம்ம உதாரணத்துக்கு 16 கிலோமீட்டருக்கு 3 மணி 12 நிமிஷம், 1200 மீட்டருக்கு 2 மணி நேரம், மொத்தம் 5 மணி 12 நிமிஷம்.

இதுல ஓய்வு, சாப்பாடு, போட்டோ எதுவும் இல்ல, நல்லா பழகினவங்களோட கணக்கு இது. முதல் தடவை போறவங்க ஒன்றரை மடங்கு பண்ணிக்கோங்க. அப்ப கிட்டத்தட்ட 8 மணி நேரம் வருது. இதை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, அஞ்சாவது படியில வேணும், கடைசி படியிலயும் வேணும்.

மேப்புல உயரக் கோடுகளையும் ஒரு தடவை பாத்துடுங்க. கோடுகள் நெருக்கமா இருக்கிற இடம் செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சாய்வு. அந்த செங்குத்து வழியோட ஆரம்பத்துல வருதா கடைசியில வருதான்னு தெரிஞ்சிருந்தாலே மனசு பாதி தயாராகிடும். கடைசி 2 கிலோமீட்டர்லதான் 500 மீட்டர் ஏறணும்னு தெரியாம முதல் பாதியில பலத்தை எல்லாம் செலவு பண்ணிட்டு நின்னவங்கள்ல நானும் ஒருத்தன்.

2. 8 வாரம் முன்னாடி: படிக்கட்டு, அதுவும் இறங்குறதுக்கு

ஜிம்முல ட்ரெட்மில் ஓடினா போதும்னு நினைக்காதீங்க. மூச்சு பழகும், ஆனா தொடையும் முட்டியும் பழகாது. படிக்கட்டு மாதிரி சுலபமா கிடைக்கிற மலை வேற இல்ல.

ஒரு மாடின்னா தோராயமா 3 மீட்டர். 1200 மீட்டர்னா 400 மாடி. பயப்படாதீங்க, ஒரே நாள்ல அவ்வளவும் ஏறச் சொல்லல. வாரத்துல 3 நாள், முதல் வாரம் 20 மாடியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ஏழாவது வாரத்துல ஒரே தடவையில 130 மாடி, அதாவது மலையோட மூணுல ஒரு பங்கு, முடியுற அளவுக்கு வந்தா போதும், மீதியை அன்னைக்கு மெதுவா போற நடை பாத்துக்கும். மூணாவது வாரத்துல இருந்து முதுகுல பேக் மாட்டிக்கோங்க, முதல்ல 3 கிலோ, அப்புறம் 6 கிலோ.

இங்க எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா படி ஏறிட்டு லிஃப்ட்ல இறங்குறது. இறங்கறப்பதான் தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு எடையை தாங்குது, மறுநாள் வர்ற அந்த பயங்கர வலிக்கு காரணமே அதுதான். தசையை அந்த வேலைக்கு முன்னாடியே பழக்கிட்டா மலையில வலி ரொம்ப குறையும். அதனால ஏறின ஒவ்வொரு மாடியையும் நடந்தே இறங்குங்க. இறங்கறப்ப முட்டி வலிச்சா அன்னைக்கு நிறுத்திடுங்க, அடுத்த தடவையும் வலிச்சா டாக்டரை பாருங்க, மலையில போய் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இல்ல அது.

கடைசி வாரம் சும்மா நடை மட்டும். பரிட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற மாதிரி கடைசி 2 நாள்ல 200 மாடி ஏறினவர் ஒருத்தர் எங்க கூட வந்தார், மலை அடிவாரத்துலயே நொண்டிக்கிட்டு இருந்தார்.

இதய நோய், ஆஸ்துமா, பிபி மாதிரி ஏதாவது இருந்தா இந்த 8 வாரத்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

3. கால்: ஷூ, சாக்ஸ், நகம்

மலைக்குன்னு புது ஷூ வாங்குறீங்கன்னா கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது வாங்குங்க. சாயங்காலமா கடைக்கு போங்க, அந்த நேரத்துக்கு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலயும் அப்படித்தான் வீங்கும். மலைக்கு போடப்போற சாக்ஸையே போட்டுட்டு அளவு பாருங்க. லேஸ் கட்டாம பாதத்தை முன்னாடி தள்ளினா குதிகாலுக்குப் பின்னாடி ஒரு விரல் போற இடம் இருக்கணும். இல்லேன்னா இறங்கறப்ப கட்டைவிரல் ஷூவோட முனையில இடிச்சு இடிச்சு நகம் கறுத்துடும்.

அப்புறம் அந்த ஷூவைப் போட்டுட்டுதான் ரெண்டாவது படியில சொன்ன எல்லா மாடியும் ஏறணும். ஷூ எங்க கடிக்குதுன்னு மாடிப்படியில தெரிஞ்சா பிளாஸ்டர் ஒட்டிக்கலாம், மலையில தெரிஞ்சா கொப்புளம்தான்.

கொப்புளம் வர ஈரமும் உராய்வும் சேர்ந்தா போதும். காட்டன் சாக்ஸ் வேர்வையை உறிஞ்சி அப்படியே பிடிச்சு வச்சுக்கும், அதனால கம்பளியோ சிந்தெடிக்கோ போடுங்க, பேக்ல ஒரு ஜோடி கூடுதலா வைங்க. இதுல முக்கியமான விஷயம் ஒன்னு, கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி அந்த இடம் சூடா எரியுற மாதிரி இருக்கும், அப்பவே நின்னு ஷூவைக் கழட்டி டேப் ஒட்டணும். "அடுத்த பிரேக்ல பாத்துக்கலாம்"னு போறவங்கதான் அடுத்த பிரேக்ல தோல் உரிஞ்சு நிக்கிறாங்க. கூட வர்றவங்களை நிக்க வைக்க கூச்சமா இருக்குன்னு சொல்வாங்க, 3 நிமிஷம் நிக்கிறதுக்குக் கூச்சப்பட்டு கடைசியில 3 மணி நேரம் எல்லாரையும் காக்க வைப்பாங்க.

கால் நகத்தை 3, 4 நாள் முன்னாடி வெட்டுங்க. முந்தின நாள் வெட்டினா சதை ஓரம் எரியும்.

4. பேக்: எது உள்ள, எது மேல

20ல இருந்து 30 லிட்டர் பேக் போதும். பெருசா வாங்கினா காலி இடம் கண்ணை உறுத்தும், எதையாவது போட்டு ரொப்பிடுவோம். தண்ணியோட சேர்த்து 6, 7 கிலோவுக்கு மேல போகாம பாத்துக்கோங்க.

தண்ணி மணிக்கு அரை லிட்டர்னு கணக்கு வச்சா 8 மணி நேரத்துக்கு 4 லிட்டர், அதாவது 4 கிலோ. வழியில ஓடை இருந்தா பாதி எடுத்துட்டுப் போய் நடுவுல நிரப்பிக்கலாம், ஆனா எவ்வளவு தெளிவா இருந்தாலும் அப்படியே குடிக்காதீங்க. குளோரின் மாத்திரைன்னா பெரும்பாலும் 30 நிமிஷம் காத்திருக்கணும், கவர்ல போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்க. கொதிக்க வைக்கிறதா இருந்தா நல்லா கொதி வந்து 1 நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல 3 நிமிஷம், ஏன்னா மேல போகப் போக தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும். ஓடை வருஷம் முழுக்க ஓடுமான்னு சமீபத்துல போய்ட்டு வந்தவங்ககிட்ட கேக்காம நம்பிப் போகாதீங்க.

கனமானது முதுகை ஒட்டி நடுவுல, லேசானது அடியில, அடிக்கடி எடுக்கிறது மேல. தண்ணி, நட்ஸ், மழை கோட், டேப் இந்த நாலும் பேக்கைக் கொட்டாம எடுக்கிற இடத்துல இருக்கணும். ஏன்னா எடுக்க கஷ்டமா இருந்தா எடுக்கவே மாட்டோம், குடிக்காம சாப்பிடாம போய்ட்டே இருப்போம், அதோட விலை எட்டாவது படியில தெரியும்.

பகல்லயே திரும்பிடுவோம்னு நினைச்சாலும் ஹெட்லைட் எடுத்துக்கோங்க, தலையில மாட்டுறது, புது பேட்டரியோட. மொபைல் டார்ச் அதுக்கு ஈடாகாது, ஒரு கை அதுக்கே போயிடும், இருட்டுல இறங்கறப்ப ரெண்டு கையும் வேணும். விசில், பவர் பேங்க், முதலுதவிப் பொருள், தினமும் சாப்பிடுற மருந்து, ஓ.ஆர்.எஸ் பாக்கெட், தொப்பி, சன்ஸ்க்ரீன், இதெல்லாம் கண்டிப்பா. 1000 மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் தோராயமா 10 சதவீதம் கூடும், குளிர் காத்து அடிக்கிறதால தோல் எரியுறது தெரியாது, வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

துணி விஷயத்துல ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட் வேண்டாம். வேர்வையை விடுற டீஷர்ட் ஒன்னு, அதுக்கு மேல சூடு தர்றது ஒன்னு, எல்லாத்துக்கும் மேல காத்தும் மழையும் புகாதது ஒன்னு. தேவைக்கு ஒவ்வொன்னா கழட்டி மாட்டலாம். எல்லாத்தையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு அப்புறம் பேக்ல வைங்க, பேக்கோட மழை உறையை மட்டும் நம்பாதீங்க.

வேற எதுவும் வேணாம். ஸ்பீக்கர் கண்டிப்பா வேணாம்.

5. முந்தின நாள்: திரும்புற நேரத்தை எழுதுங்க

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. "திரும்புற நேரம்"னா வீட்டுக்கு வர்ற நேரம் இல்ல. அந்த நேரம் வந்துட்டா உச்சி 200 மீட்டர்ல தெரிஞ்சாலும் திரும்பி இறங்கணும், அந்த நேரம்.

எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, சூரியன் 6 மணிக்கு மறையுதுன்னா 4 மணிக்குள்ள கீழ இருக்கணும்னு வைங்க, 2 மணி நேரம் ஏதாவது தப்பு நடந்தா அதுக்கு. நம்ம உதாரண மலையில இறங்க 3 மணி நேரம்னா 1 மணிக்கு திரும்பணும். மதியத்துக்கு மேல இடி மழை வர்ற பருவம்னா இன்னும் முன்னாடி. காலையில 6 மணிக்கு கிளம்பினா ஏத்தத்துக்கு ஒன்றரை மடங்கு கணக்குல 11:30க்கு உச்சி, ஆக ஒன்றரை மணி நேரம் கையில இருக்கு, நல்ல திட்டம்.

இதை ஏன் முந்தின நாளே எழுதணும்? மேல போனப்புறம் களைச்ச மூளை நியாயமா முடிவெடுக்காது, இவ்வளவு தூரம் வந்துட்டோமேன்னு ஒரு பிடிவாதம் வரும், கூட இருக்கிறவங்க ஆளுக்கு ஒன்னு சொல்வாங்க. எழுதி வச்ச நேரத்துக்கு முன்னாடி விவாதம் கிடையாது. குழுவுல எல்லாரும் அடிவாரத்துலயே ஒத்துக்கணும்.

எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்குள்ள போன் பண்ணுவீங்க, பண்ணலேன்னா யாருக்கு சொல்லணும், இதை வீட்டுல ஒருத்தர்கிட்ட மெசேஜா அனுப்புங்க. வாயால சொன்னா மறந்துடுவாங்க. அனுமதிச் சீட்டு வேணும்னா அதையும் முன்னாடியே வாங்கிடுங்க, பல மலைகள்ல காடு சம்பந்தமான கட்டுப்பாடு இருக்கும். மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணுங்க, மலையில மொபைலை ஏரோபிளேன் மோடுல வைங்க. சிக்னல் தேடித் தேடியே பேட்டரி காலியாகிடும், மொபைல் சிக்னல் இல்லாமயும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வானிலையை அடிவார ஊருக்குப் பாக்காம உச்சிக்குப் பாருங்க. அப்புறம் தூங்குங்க.

6. முதல் அரை மணி நேரம்: அசிங்கமா தெரியுற அளவுக்கு மெதுவா

அடிவாரத்துல எல்லாருக்கும் ஒரு வேகம் வரும், குளிர்ச்சியா இருக்கும், கால் புதுசா இருக்கும், நாலு பேர் முன்னாடி போவாங்க. விடுங்க, போகட்டும். நடக்க ஆரம்பிச்ச உடனே தசை கேக்குற ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே குடுத்துடாது, அதுங்க சுதாரிக்க கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள வேகமா போனா கால்ல அந்த எரிச்சல் ஆரம்பிச்சு நாள் முழுக்க துரத்தும்.

வேகம் சரியான்னு பாக்க வாட்ச் வேணாம். முழு வாக்கியம் பேசிட்டே நடக்க முடியுதான்னு பாருங்க. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா வேகம் அதிகம். இது ஏத்தம் முழுக்க பொருந்தும்.

கிளம்பறப்ப லேசா குளிரணும். குளிருதேன்னு ஜாக்கெட் போட்டுட்டே ஏறினா 15 நிமிஷத்துல உள்ள நனைஞ்சிடும், மேல காத்துல நிக்கறப்ப அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். வேர்க்கிறதுக்கு முன்னாடி கழட்டுங்க, குளிர்றதுக்கு முன்னாடி போடுங்க.

7. ஏறும்போது: சின்ன அடி, ஒரே தாளம்

பெரிய பெரிய அடியா வைக்காதீங்க. ஒரே உயரத்தை ரெண்டு சின்ன அடியில ஏறினா தொடைக்கு சுமை குறைவு. செங்குத்தான இடத்துல மலையேறுறவங்க பண்ற ஒரு வித்தை இருக்கு, ஒவ்வொரு அடிக்கும் பின்னங்காலை நேரா நீட்டி ஒரு நொடி எடையை அதுமேல விடணும். அந்த நொடியில எடையை எலும்பு தாங்குது, தசை ஓய்வெடுக்குது. பாக்க நடிக்கிற மாதிரி இருக்கும், 3 மணி நேரத்துக்கு அப்புறம் யார் சிரிக்கிறாங்கன்னு பாப்போம்.

குழுவா போனா ரொம்ப மெதுவா நடக்கிறவரை முன்னாடி விடுங்க. பின்னாடி விட்டா என்ன ஆகும்னா, முன்னாடி போனவங்க நின்னு ஓய்வெடுப்பாங்க, இவர் மூச்சு வாங்கிட்டு வந்து சேருவார், சேர்ந்த உடனே "சரி கிளம்பலாமா"ம்பாங்க. ரொம்ப ஓய்வு தேவைப்படுறவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. இப்படி ஒருத்தர் பாதியில அழுததைப் பாத்திருக்கேன், அன்னைக்கு முன்னாடி போன கூட்டத்துல நானும் இருந்தேன்.

மணிக்கு ஒரு தடவை 5 நிமிஷம் நில்லுங்க, 15, 20 நிமிஷம்னு இழுத்தா உடம்பு ஆறிடும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு கை நட்ஸ், உலர் திராட்சை, பிஸ்கட்னு ஏதாவது. பசிச்சப்புறம் சாப்பிட்டா அது வேலை செய்ய நேரமாகும், அதனால பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. அதே சமயம் பயந்துக்கிட்டு வெறும் தண்ணியா லிட்டர் லிட்டரா ஊத்தாதீங்க, வேர்வையில உப்பும் போகுது, ரத்தத்துல சோடியம் ரொம்ப குறைஞ்சா தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும், ஆபத்தானது. தாகத்துக்கு குடிங்க, நடுவுல உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்க.

8. "இதுக்கு மேல முடியாது"ங்கிற இடம்

வரும். கண்டிப்பா வரும். பெரும்பாலும் மூணுல ரெண்டு பங்கு ஏறினப்புறம்.

அதுக்கு ஒரு காரணம் போலி உச்சி. கீழ இருந்து பாக்கறப்ப உச்சின்னு தெரியுற மேடு உண்மையில உச்சியா இருக்காது, அந்த வளைவு பின்னாடி இருக்கிறதை மறைக்குது, அவ்வளவுதான். வந்துட்டோம்னு மிச்சமிருக்கிற பலத்தை எல்லாம் போட்டு அங்க ஏறினா பின்னாடி இன்னொன்னு நிக்கும். கால் வலியில உக்காராதவங்க இந்த ஏமாத்தத்துல உக்காந்துடுவாங்க. மருந்து சுலபம், கண்ணை நம்பாம உயரத்தைப் பாருங்க, மொபைல் மேப்புல இப்ப எத்தனை மீட்டர், உச்சி எத்தனை மீட்டர். 180 மீட்டர் பாக்கின்னு தெரிஞ்சா அது வெறும் 60 மாடி, நீங்க படிக்கட்டுல பண்ணினதுல பாதி கூட இல்ல.

அந்த இடத்துல நான் எல்லார்கிட்டயும் சொல்ற வரிசை இதுதான். முடிவெடுக்காதீங்க. முதல்ல காத்து படாத இடமா பாத்து உக்காருங்க, மேல ஒரு துணி போடுங்க, இனிப்பா ஏதாவது சாப்பிடுங்க, தண்ணி குடிங்க, 10 நிமிஷம் இருங்க. அப்புறம் முடிவெடுங்க. "என்னால முடியாது"ன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேர் பிரச்சனை காலியான வயிறுதான், 10 நிமிஷத்துல அவங்களே எழுந்திருச்சு பேக்கை மாட்டுவாங்க.

எழுந்தப்புறம் உச்சியைப் பத்தி நினைக்காதீங்க. அந்தப் பாறை வரைக்கும், அந்த வளைவு வரைக்கும், அதுவும் முடியலேன்னா 50 அடி எண்ணி நின்னு 5 மூச்சு, மறுபடி 50 அடி. 1200 மீட்டரை மனசு தாங்காது, 50 அடியைத் தாங்கும். நான் ஏறினதுல ரொம்ப கஷ்டமான மலையோட கடைசி ஒரு மணி நேரத்துல எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த எண்ணிக்கை மட்டும்தான். மேல போய் நின்னப்ப சந்தோஷத்தை விட பெருசா ஒரு அமைதி இருந்தது, அதை ஏன்னு சொல்லத் தெரியல.

ஆனா களைப்பு வேற, எச்சரிக்கை வேற, இதைக் குழப்பிக்காதீங்க. தொடை எரியுது, மூச்சு வாங்குது, சலிப்பா இருக்கு, எதுக்குடா வந்தோம்னு தோணுது, இதெல்லாம் களைப்பு. மெதுவா போகலாம். நெஞ்சு வலி, மூட்டுல குத்துற வலி, நின்னும் ஓயாத மூச்சுத் திணறல், உளறல், தள்ளாட்டம், அடக்க முடியாத நடுக்கம், வேர்க்கிறது நின்னு உடம்பு கொதிக்கிறது, இதெல்லாம் எச்சரிக்கை, இதுல விடாமுயற்சிக்கு வேலையே இல்ல. உடனே நிறுத்தி ஆளைக் கவனிங்க, நடக்க முடிஞ்சா ஒருத்தர் துணையோட கீழ இறக்குங்க, முடியலேன்னா இருந்த இடத்துலயே உக்கார வச்சு உதவி கூப்பிடுங்க, நெஞ்சு வலின்னா நடக்கவே விடாதீங்க. 2500 மீட்டருக்கு மேல தலைவலியோட குமட்டலும் சேர்ந்து வந்தா உயரத்தால வர்ற நோய்னுதான் எடுத்துக்கணும். மாத்திரை போட்டு மறைச்சுக்கிட்டு மேல போகக் கூடாது, அதுக்கு நம்பகமான மருந்து கீழ இறங்குறதுதான். பழகின மலையேறிக்கும் வரும், அவமானம் எல்லாம் ஒன்னும் இல்ல.

9. உச்சி: பாதி வழி

முதல் வேலை மணியைப் பாருங்க. ரெண்டாவது வேலை ஜாக்கெட். 1000 மீட்டருக்கு சராசரியா 6.5 டிகிரி குறையும், மேல காத்தும் சேரும், நீங்க வேர்வையில நனைஞ்சிருப்பீங்க. போட்டோவுக்கு முன்னாடி ஜாக்கெட், சரியா.

சாப்பிடுங்க, ஷூவைக் கழட்டி சாக்ஸ் மாத்துங்க, அரை மணி நேரம் நல்லா உக்காந்து பாருங்க, அதுக்குத்தானே வந்தோம். விளிம்புக்குப் போய் செல்ஃபி வேணாம். குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க, பழத்தோல் உட்பட.

10. இறக்கம்: இங்கதான் விழுறாங்க

கால் களைச்சிருக்கும், மனசு முடிஞ்சுதுன்னு நினைச்சிருக்கும், கவனம் போயிருக்கும். மூணும் சேர்ந்தா வழுக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி லேஸை அவுத்து மறுபடி கட்டுங்க. குதிகாலை ஷூவோட பின்பக்கம் தட்டி உக்கார வச்சு, கணுக்கால்கிட்ட இறுக்கமா, விரல்கிட்ட லேசா. பாதம் முன்னாடி சறுக்காது, நகம் தப்பிக்கும். ட்ரெக்கிங் கம்பு இருந்தா ஏறினதை விட கொஞ்சம் நீளமாக்கி முன்னாடி ஊனுங்க, முட்டிக்குப் போற சுமையில ஒரு பங்கை கை வாங்கிக்கும்.

முட்டியை லேசா மடிச்சே வச்சுக்கோங்க, விறைப்பா ஊனினா ஒவ்வொரு அடியும் நேரா மூட்டுல இறங்கும். உடம்பைப் பின்னாடி சாய்க்காதீங்க, பயத்துல எல்லாரும் சாய்வாங்க, ஆனா சாய்ஞ்சா பாதத்துக்குப் பிடிமானம் குறைஞ்சு அப்படியே உக்காந்த வாக்குல சறுக்கும். சரளைக் கல் இருக்கிற இடத்துல சின்னச் சின்ன அடி, முழு பாதத்தையும் பதிச்சு. ஓடவே ஓடாதீங்க. ஓடுறது சுலபமா இருக்கும், நிறுத்துறதுதான் வராது.

கல் உருண்டுச்சுன்னா உடனே "கல்லு!"ன்னு கத்துங்க, கீழ இருக்கிறவங்க மேல பாத்துட்டு நிக்காம பாறையை ஒட்டி ஒதுங்கணும். இங்கயும் மணிக்கு ஒரு பிரேக், சாப்பாடு, தண்ணி. இறக்கத்துல யாருமே சாப்பிட மாட்டாங்க, கடைசி ஒரு மணி நேரத்துல கணுக்கால் மடங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

11. ஏதாவது தப்பாச்சுன்னா

வழி தப்பிச்சுன்னு சந்தேகம் வந்த உடனே நில்லுங்க. கடைசியா நிச்சயமா தெரிஞ்ச இடத்துக்கு வந்த வழியாவே திரும்புங்க. ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊரு வந்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, மலையில ஓடை நேரா அருவிக்கும் பாறைச் சரிவுக்கும்தான் கூட்டிட்டுப் போகும். வந்த வழியும் தெரியலேன்னா அங்கயே இருங்க, தேடுறவங்களுக்கு நகராத ஆளைக் கண்டுபிடிக்கிறது சுலபம்.

உதவி கூப்பிட 1 நிமிஷத்துக்குள்ள 6 தடவை விசில், அப்புறம் 1 நிமிஷம் சும்மா, மறுபடி 6. ராத்திரின்னா இதையே லைட்டால. பதில் நிமிஷத்துக்கு 3 தடவையா வரும். பதில் வந்தப்புறமும் நிறுத்தாதீங்க, அவங்க சத்தத்தை வச்சுத்தான் வருவாங்க.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 நொடிக்குள்ள இருந்தா மின்னல் 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. உச்சியையும் திறந்த முகட்டையும் விட்டு உடனே இறங்குங்க, தனி மரத்தடியில நிக்காதீங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் வரைக்கும் திரும்ப ஏறாதீங்க. கணுக்கால் பிசகினா அங்க வச்சு ஷூவைக் கழட்டாதீங்க, வீங்கிட்டா மறுபடி உள்ள போகாது, லேஸை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, கம்பு ஊனி, பேக்கை இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு இறங்குங்க. பாதத்தை ஊனவே முடியலேன்னா எலும்பா இருக்கலாம், நடக்க வைக்காதீங்க.

12. கீழ வந்தப்புறம்

முதல்ல, முந்தின நாள் வீட்டுல யாருக்கு மெசேஜ் அனுப்பினீங்களோ அவருக்கு போன் பண்ணுங்க. இதை மறந்துட்டு சாப்பிட உக்காந்த ஒரு குழுவைத் தேடி ஆள் கிளம்பிட்டாங்க. அப்புறம் ஷூ, காஞ்ச துணி, ஒரு மணி நேரத்துக்குள்ள நல்ல சாப்பாடு. களைப்போட ராத்திரியில வண்டி ஓட்டிட்டு ஊருக்குத் திரும்பாதீங்க, முடிஞ்சா அங்கயே தங்குங்க.

வலி 24ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ளதான் உச்சத்துக்கு வரும், அப்புறம் மெல்லக் குறையும். அது தசை சரியாகுற வலி, சும்மா படுக்காம மெதுவா நடங்க. மாடிப்படி இறங்கறப்ப கைப்பிடியைப் பிடிச்சுட்டு பின்பக்கமா இறங்கினா வலி கம்மியா இருக்கும், யாரும் பாக்காதப்ப பண்ணுங்க. ஒரே மூட்டுல மட்டும் வலியும் வீக்கமும் இருந்தா அது வேற, டாக்டர்.

அந்த வாரத்துக்குள்ளயே முதல் படியில எழுதின பேப்பரை எடுங்க. நைஸ்மித் கணக்கு 5 மணி 12 நிமிஷம்னு சொல்லுச்சு, உங்களுக்கு ஓய்வு எல்லாம் சேர்த்து 8 மணி 20 நிமிஷம் ஆச்சுன்னு வைங்க, வகுத்தா 1.6 வருது. அதுதான் உங்க எண். அடுத்த மலைக்கு நான் சொன்ன ஒன்றரையைத் தூக்கிப் போட்டுட்டு அந்த 1.6ஐ போடுங்க. பேக்ல இருந்து வெளிய எடுக்காத சாமான் எதுன்னும் அதே பேப்பர்ல எழுதிக்கோங்க, ஹெட்லைட், விசில், முதலுதவி இந்த மூணையும் மட்டும் அந்த லிஸ்ட்ல சேக்காதீங்க.